தற்காலிகக் குரல்

சாரல் தொடங்கிவிட்டால் என் கைப்பேசிக்கு உயிர் வந்துவிடும். வருஷம் முழுக்க என்னை மறந்திருந்தவர்கள் எல்லாம் ஆனி பிறந்ததும் ஞாபகம் வைத்துக் கூப்பிடுவார்கள். கல்லூரி விடுதியில் பக்கத்து அறையில் இருந்தவன், பழைய மேலாளர், சித்தப்பா வழியில் ஏதோ ஒரு சொந்தம். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "குத்தாலத்துல தண்ணி விழுதா?" நான் எப்படி இருக்கிறேன் என்பது இரண்டாவது கேள்வியாகக்கூட வராது. தென்காசியில் குடியிருப்பவனுக்கு அருவி நிலவரம் சொல்வது பிறவிக் கடமை என்று எல்லோரும் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. "இப்போது விழுகிறது. நீங்கள் வரும்போது விழுமா என்று என்னைக் கேட்காதீர்கள். மலையில் மழை கொட்டினால் போலீஸ் தடை போட்டுவிடும். நாலு நாள் வெயில் அடித்தால் நூலாக இறங்கும். என்னை நம்பி வேன் பிடிக்காதீர்கள்" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அவர்கள் வேன் பிடித்து வருவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். பரோட்டா சாப்பிடுவார்கள். அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். என் வீட்டுத் தெருமுனையில் நின்று டீ குடித்த படத்தை ஒருவர் ஸ்டேட்டஸில் போட்டிருந்ததை மறுநாள் பார்த்தேன். மாடிப்படி ஏறி வர அவருக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு நிலவரம் சொல்கிற நான் அருவியில் குளித்து வருஷக்கணக்காகிறது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தனியாகப் போகிறவன் சட்டையையும் போனையும் யாரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் போவது? குடும்பமாக வருகிறவர்கள் யாராவது ஒரு மாமாவைத் துணிமணிக்குக் காவலாக உட்கார வைப்பார்கள். எனக்கு அப்படி ஒரு மாமா இல்லை. ஒருமுறை பாறையோரம் வரை போய், தூறலில் சற்று நேரம் நனைந்துவிட்டு, உலர்ந்த துண்டோடு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

தனிமையைப் பற்றி நான் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. நான் தனியாக இருக்கிறேன். அது கஷ்டமாக இருக்கிறது. கொரோனாக் காலத்தில் கம்பெனி எங்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னபோது சென்னையைக் காலி செய்துவிட்டு வந்தேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பூட்டிக் கிடந்த வீடு இது. என் கல்யாண வாழ்க்கை அதற்கு முன்பே சத்தமில்லாமல் முறிந்து போயிருந்தது. கீழ்வீட்டில் ஒரு மருந்துக் கம்பெனி சரக்கு அடுக்கி வைத்திருக்கிறது. அட்டைப்பெட்டிகள் என்னோடு பேசாது. அலுவலகக் கூட்டங்களில் மைக்கை அணைத்து வைக்கச் சொல்வார்கள். சில வாரங்களில் கடைக்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னதைத் தவிர வாயைத் திறந்த நினைவே இருக்காது.

அந்த வாய்க்கு வேலை கொடுத்தது ஒரு செயலி. கல்லூரியில் உடன் படித்த தோழி ஒருத்தி திருநெல்வேலியில் பேச்சுப் பயிற்சி தருகிறாள். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்கள்தான் அவளிடம் அதிகம் வருவார்கள். அறிவு தெளிவாக இருக்கும், காது கேட்கும், சொல் மட்டும் வாய்க்கு வராது. அவர்கள் படத்தைத் தொட்டால் போன் பேச வேண்டும். செம்புப் படத்தைத் தொட்டால் தண்ணீர் கேட்க வேண்டும். இதைக் கட்டற்ற மென்பொருளாகச் செய்து தர முடியுமா என்று கேட்டாள். யாரும் காசு தர வேண்டாம், யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்க்கலாம், திருத்தலாம். எனக்கு நேரம்தான் கொள்ளை கொள்ளையாகக் கிடந்ததே, ஒப்புக்கொண்டேன்.

முதலில் கணினியே உண்டாக்கும் குரலைப் போட்டேன். "எனக்குத் தாகமாக இருக்கிறது. தயவுசெய்து தண்ணீர் கொடுங்கள்" என்றது அது. தோழி கேட்டுவிட்டு, "ஏலே, இந்தக் குரல்ல ஒருத்தரு பொண்டாட்டிட்ட தண்ணி கேட்டா அவ செம்பைத் தூக்கிட்டு வரமாட்டா. டி.வி.யை அமத்தப் போவா" என்றாள். நல்ல குரல்காரர் ஒருவர் கிடைக்கும் வரை ஒப்புக்கு என் குரலையே பதிந்து வைப்போம் என்று முடிவானது. தற்காலிகமாகத்தான்.

போர்வையைத் தலைவரை போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து பதிந்தேன். தெருச் சத்தம் வராமலிருக்க அது ஒன்றுதான் வழி. "தண்ணி வேணும்." "பசிக்கு." "கால் வலிக்கு, கொஞ்சம் பிடிச்சு விடு." "ஃபேனைப் போடு." "இங்கன வா." பேசப் பேச வியர்த்துக் கொட்டியது. எதிரே ஆள் இல்லாமல் "இங்கன வா" என்று சொல்வது எவ்வளவு சிரமம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் பதிந்திருந்தேன். "கேக்குதா? யாராவது இருக்கியளா?" அதைத் திரையின் மூலையில் ஒரு சாம்பல் நிறப் பட்டனில் வைத்தேன். சத்த அளவைச் சரிபார்க்க இன்னும் இரண்டு பட்டன்கள். ஒன்றில் "அடச்சே". இன்னொன்றில், நிரல் ஏதோ தகராறு செய்த எரிச்சலில் வாயில் வந்த "இது வேலைக்காவாது". மூன்றும் எனக்கான பட்டன்கள். பயனருக்கானவை அல்ல.

சோதனைப் பதிப்பு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரைகுறையாக இருக்கும்போதே வெளியே விடுவோம். நாலு பேர் பயன்படுத்திப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்வார்கள், திருத்துவோம். இன்று இருக்கும் பட்டன் நாளை இருக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் தருமம். நான் சொன்னேன். முதல்முறை திறந்ததும் மஞ்சள் பட்டையில் கொட்டை எழுத்தில் தெரியும்: "இது முழுமையடையாத சோதனைப் பதிப்பு. இன்று இருப்பது நாளை மாறலாம், மறையலாம். இதிலுள்ள குரல் தற்காலிகமானது. இதை நம்பி இருக்க வேண்டாம்." என் வாழ்நாளில் நான் எழுதிய உரைநடையில் இதுதான் சிறந்தது என்று எனக்கு ஒரு கர்வம். எந்த வக்கீலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது.

ஆனாலும் புகார் வரும். வெளிநாட்டில் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஒருவர், 'பசிக்கு' என்பது தமிழே அல்ல என்று நீளமாக எழுதியிருந்தார். நேற்று இருந்தது இன்று எங்கே என்று மாதம் ஒருவர் கேட்பார். எல்லோருக்கும் அந்த மஞ்சள் பட்டையின் வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டி அனுப்பிவிடுவேன். யாருக்கும் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை, அதனால் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த நிம்மதி எனக்குப் பிடித்திருந்தது. மெல்ல அது என் சுபாவமாகவே ஆகிப்போனது. யாராவது விசேஷத்துக்கு அழைத்தால், "வரப் பார்க்கிறேன், எதிர்பார்க்காதீர்கள்" என்பேன். எதிர்பார்க்காதீர்கள் என்று தொடர்ந்து சொன்னால் மக்கள் ஒருநாள் உண்மையிலேயே எதிர்பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை.

இன்னொன்றையும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் செயலி போடுகிறவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் வேறொருவர். ஒரு பிசியோதெரபி நிலையத்துப் பெண்ணுக்கு யாரோ வாட்ஸ்அப்பில் இந்தச் செயலியை அனுப்பியிருக்கிறார்கள். அவள் தன்னிடம் வருகிறவர்களின் போனில் எல்லாம் இதை ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். மஞ்சள் பட்டை வந்தால் அவளே 'சரி' அழுத்திவிட்டுப் போனைக் கையில் கொடுப்பாள். நல்ல மனதோடு செய்ததுதான். பேச்சில்லாதவர் கைக்கு அந்தப் போன் போகும்போது என் எச்சரிக்கை ஏற்கெனவே மறைந்திருக்கும்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. தோழி நல்ல குரல்காரர் ஒருவரைப் பிடித்தாள். மேடை நாடகங்களில் பேசுகிறவர், கணீரென்ற சாரீரம். அவர் எல்லாவற்றையும் அழகாகப் பதிந்து கொடுத்தார். நான் என் குரலைத் தூக்கினேன். மூலையில் இருந்த என்னுடைய பட்டன்கள் மூன்றையும் தூக்கினேன். திரை பளிச்சென்று ஆனது. "தற்காலிகக் குரல் நீக்கப்பட்டது. சோதனைப் பட்டன்கள் நீக்கப்பட்டன" என்று குறிப்பு எழுதி வெளியிட்டேன். எல்லாப் போன்களிலும் 'புதிய பதிப்பு வந்துள்ளது' என்று வரும், 'சரி' என்று அழுத்தினால் போதும்.

அந்த வாரம்தான் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. செயலியில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் என் எண்ணைப் போட்டிருந்தேன். அதுவரை யாரும் அந்தப் பக்கத்துக்குப் போனதில்லை. "இந்தப் பேசுத ஆப்பு போட்டவுக நீங்கதானா? எங்க வீட்டு ஆளு பேச்சை எங்க கொண்டு போனிய? வருசமா பேசிக்கிட்டு இருந்த மனுசன் இப்ப மறுபடி சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டாவ. சீசன் நேரத்துல இப்படிப் பண்ணிட்டியளே." அந்த அம்மாளின் குரல் கோபத்தில் தொடங்கி அழுகையில் முடிந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், எரிச்சல்தான் வந்தது. வழக்கம்போல மஞ்சள் பட்டை வாசகத்தை எடுத்து ஒட்டி அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "எழுத்தா அனுப்பாதிய, எனக்குக் கண்ணாடி இல்லாம வாசிக்க ஏலாது. குத்தாலத்துல மெயினருவிக்குப் போற ரோட்டுல பழக்கடை. சொல்லுததை நேர்ல வந்து சொல்லுங்க."

குற்றாலம். என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர். என் பயனர்கள் எல்லோரும் எங்கோ திரைக்கு அப்பால் இருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். நேரில் போய் விஷயத்தைத் தெளிவாக விளக்கிவிட்டு வருவது என்று கிளம்பினேன். சட்டப்படி நான் சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அன்று நல்ல சாரல். ரோடு முழுக்க ஈரத் துண்டுகளும் எண்ணெய் வாடையும். பழக்கடைக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயில் தூறல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் முட்டைப்பழமும் குவிந்திருக்க, முன்னால் நின்று ஒரு அக்கா ஒண்டியாளாக நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால், ரோட்டுக்கு முதுகு காட்டி, பழப்பெட்டிகளைப் பார்த்தபடி போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், அவருடைய கணவர். வலது கை மடியில் துவண்டு கிடந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கயிறு வைத்த உறையில் ஒரு போன், ஆணியில் தொங்கியது.

அந்த இரைச்சலில் பேச முடியாது என்று என் போனை நீட்டி, அக்கா அனுப்பிய செய்தியைக் காட்டினேன். அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கவே இடம் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். கையில் தராசுத் தட்டோடு அவர் சொன்னதன் சாரம் இது. நாற்காலியில் இருந்த அண்ணாச்சிக்கு இதே கடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பக்கவாதம் வந்தது. பேச்சுப் போன பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். யார் வந்தாலும் திரும்ப மாட்டார். பிசியோதெரபிப் பெண் போனில் இதை ஏற்றிக் கொடுத்த அன்று வீட்டில் எதையோ தடவிக்கொண்டு இருந்திருக்கிறார். மூலையில் இருந்த பட்டனில் விரல் பட்டிருக்கிறது.

"நான் அடுப்படில நிக்கேன். 'கேக்குதா? யாராவது இருக்கியளா?'ன்னு சத்தம். எனக்கு அப்படியே ஆடிப்போச்சு. இருக்கேன், இங்கனதான் இருக்கேன்னு கத்திக்கிட்டு ஓடியாந்தேன். அன்னையிலேர்ந்து ராத்திரி பகல் அந்தப் பட்டன்தான். குளிக்கப் போனா ஒரு தடவ, முழிச்சா ஒரு தடவ. நானும் இருக்கேன் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே கெடப்பேன்" என்றார்.

அதன் பிறகு அண்ணாச்சி கடைக்கு வரத் தொடங்கியிருக்கிறார். யாராவது அநியாயத்துக்கு விலை குறைத்துக் கேட்டால் இன்னொரு பட்டனை அழுத்துவார்: "இது வேலைக்காவாது." கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள், வாங்கிவிடுவார்கள். அழுகல் பழம் கையில் பட்டால் "அடச்சே." எனக்கென்று நான் வைத்த மூன்று பட்டன்களில் ஒரு மனிதர் கடை நடத்தியிருக்கிறார். ஆப்பிள் படமும் கட்டில் படமும் போட்டு நாங்கள் யோசித்து யோசித்து அடுக்கிய மற்றதெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

"இப்ப என்னமோ கேட்டுச்சு, சரின்னு அமுக்கினேன். நான்தான் அமுக்கினேன், இல்லைங்கல. அந்த மூணையும் காணோம். மத்ததுல வேற ஆம்பளை பேசுதான். நாடகத்துல ராசா வேசம் கட்டுனவன் மாதிரி. என் வீட்டுக்குள்ள வேத்தாளு வந்து சோறு கேக்குத மாதிரி இருக்கு தம்பி. இவுக ஒரே ஒரு தடவதான் அமுக்குனாவ. கழட்டி ஆணில மாட்டிட்டாவ. இனும எப்படித் திருப்புவேன் இவுகள?"

அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். நான் தயாரித்து வைத்திருந்ததைத் தொடங்கினேன். "அக்கா, அது சோதனைப் பதிப்புக்கா. அந்தக் குரல் தற்காலிகமா வச்சது. அதை நம்பி நீங்க..."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணாச்சி இடது காலை ஊன்றி நாற்காலியோடு திரும்பிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். அக்காவின் கையில் பாதி நிரம்பிய பை அப்படியே நின்றது.

"தம்பி" என்றார் அக்கா மெதுவாக. "இன்னொரு தடவ பேசுங்க."

"என்ன பேச?" என்றேன்.

"ஆத்தீ" என்று அவர் முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓரடி பின்னால் போனார். அதற்கப்புறம் அன்று முழுவதும் என் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை. அண்ணாச்சி நல்ல கையால் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பழம் வாங்க நின்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன். பொறாமை. என் குரலின் மீதே பொறாமை. நான் மாடியில் வாய் மூடிக் கிடந்த அந்த வருஷம் முழுக்க அது இங்கே குடும்பம் நடத்தியிருக்கிறது. தண்ணீர் கேட்டிருக்கிறது, செம்பில் கிடைத்திருக்கிறது. கால் வலிக்கு என்று சொல்லியிருக்கிறது, யாரோ உட்கார்ந்து பிடித்து விட்டிருக்கிறார்கள். போர்வைக்குள் நான் வெறும் மைக்கைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு இந்த வீட்டில் ஒருத்தி ஒவ்வொரு முறையும் பதில் சொல்லியிருக்கிறாள்.

"பழசையே திருப்பிப் போட்டுத் தாரேன்க்கா" என்றேன். சொன்ன கையோடு பழக்கதோஷம் வந்துவிட்டது. "ஆனா ஒண்ணு. போன் மாத்துனா இது ஓடுமான்னு சொல்ல முடியாது. திடீர்னு உடைஞ்சாலும் உடையும். இதையே நம்பி இருக்காதிய."

அக்கா பையைக் கீழே வைத்தார். இந்த முறை கோபம் இல்லை, அலுப்புதான். "டாக்டரும் இப்படித்தான் சொன்னாரு, பேச்சு திரும்பும்னு நம்பி இருக்காதியன்னு. பிசியோ பிள்ளையும் கையைப் பத்தி அதையே சொல்லுதா. அருவியிலயும் போர்டு எழுதிப் போட்டுருக்கான், ஆபத்துன்னு. நீங்களும் அதையே சொல்லுதிய. எல்லாரும் நம்பாதிய நம்பாதியன்னா நாங்க எதைத்தான் தம்பி நம்புததுக்கு?"

மஞ்சள் பட்டை வாசகத்தில் இதற்கு வழி வைத்திருக்கவில்லை.

பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பழைய பதிப்பை ஏற்றினேன். கயிற்றை அண்ணாச்சி தாமே எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். விரல் நேராக மூலைக்குப் போனது. "கேக்குதா? யாராவது இருக்கியளா?" யாருக்கோ ரம்புட்டான் நிறுத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே, "இருக்கேன், இங்கனதான் இருக்கேன்" என்றார். எத்தனையோ முறை சொல்லிப் பழகிய வாய் அது. அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து "அடச்சே" பட்டனை அழுத்தினார். திட்டு எனக்குத்தான், வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அண்ணாச்சி என் கையைப் பிடித்து நிறுத்தி, அருவிப் பக்கம் காட்டி, வாயைக் காட்டி, போனைக் காட்டினார். எனக்கு விளங்கவில்லை. அக்காதான் சொன்னார். கடைக்கு வருகிறவன் எல்லாம் தண்ணி விழுதா தண்ணி விழுதா என்று கேட்கிறானாம், அதற்குச் சொல்ல அவருக்குப் பட்டன் இல்லையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் இந்தத் தொல்லை எனக்கு மட்டும்தான் என்று இருந்தேன். அங்கேயே, தார்ப்பாய்ச் சத்தமும் பஸ் ஹாரனும் உள்ளே விழ, இரண்டைப் பதிந்து கொடுத்தேன். ஒன்று, "தண்ணி நல்லா விழுது, வாங்க." இன்னொன்று, "தண்ணி இல்ல. ஆனா பழம் இருக்கு." இரண்டாவது அக்காவின் யோசனை.

வீட்டுக்கு வந்து தோழியைக் கூப்பிட்டுப் பேசினேன். செய்தி அனுப்பவில்லை, பேசினேன். பழைய குரலும் இருக்கட்டும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், மூலைப் பட்டன்கள் மூன்றும் எல்லோருக்கும் இருக்கட்டும் என்றேன். "ஒரு ஆளுக்காகவா?" என்றாள். ஒரு ஆள் என்று நமக்கு எப்படித் தெரியும், மற்றவர்கள் எல்லாம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களா என்று கேட்டேன். "சரி, வை" என்றாள். பிறகு மஞ்சள் பட்டையைத் திருத்தினேன். இப்போது அது ஒருமுறை தோன்றி மறைவதில்லை, திரையின் அடியில் எப்போதும் இருக்கிறது. "இது இன்னும் முழுமையடையவில்லை. உடையும். உடைந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இருக்கிறேன்." தோழி படித்துவிட்டு, "ஏலே, இது வாக்குக் குடுத்த மாதிரில்லா இருக்கு" என்றாள். அப்படித்தான் இருந்தது. வெளியிட்டுவிட்டு அன்று முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன்.

பயந்த அளவுக்கு யாரும் கூப்பிடவில்லை. ஆவணி வந்தது, சாரல் ஓய்ந்தது. தண்ணி விழுதா என்று கேட்பவர்களும் ஓய்ந்தார்கள். கைப்பேசி பழையபடி மேஜையில் கிடந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டால் வீடு நிறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அட்டைப்பெட்டிகள் அட்டைப்பெட்டிகளாகத்தான் இருந்தன. பழக்கடைக்கு ஒருநாள் போய் வரலாம் என்று பலமுறை நினைத்தேன். வேலையத்தவன் எதற்கு வருகிறான் என்று நினைப்பார்களோ என்று போகவில்லை. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் நின்ற சங்கடமும் ஒரு காரணம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வெளியூர்க்காரர்கள் வராத மழை இது, தீபாவளி வேலைகளில் இருப்பார்கள். ஒருநாள் பிற்பகல், அலுவலகக் கூட்டம் ஒன்றில் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. 'பழக்கடை அக்கா' என்று காட்டியது. உடைந்துவிட்டது என்று நினைத்தேன். எடுத்துக் காதில் வைத்தேன்.

"கேக்குதா? யாராவது இருக்கியளா?"

என் குரல். போர்வைக்குள் வியர்த்துக்கொண்டு நான் கேட்டது, தூறல் சத்தத்தோடு என் காதுக்கே வந்தது. அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியும், அந்தக் கடையில் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் சொல்லிப் பழகியதில்லை.

"இருக்கேன் அண்ணாச்சி" என்றேன். "இங்கனதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் விரல் தேடும் அமைதி. பிறகு பஸ் ஹாரனும் தார்ப்பாய்ச் சத்தமும் கலந்து அது வந்தது. "தண்ணி நல்லா விழுது, வாங்க."

உடையவில்லை. எதுவும் உடையவில்லை. வாங்க என்று சொல்லத்தான் அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு நிலவரம் சொல்லியிருக்கிறேன், எனக்கு ஒருவர் சொன்னது அன்றுதான். கூட்டத்தில் யாரோ என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். மடிக்கணினியை மூடினேன். கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

கடையில் கூட்டம் இல்லை. அண்ணாச்சியின் நாற்காலி ரோட்டைப் பார்த்துப் போட்டிருந்தது. அக்கா இந்தமுறை என் முகத்தைப் பார்த்து, "எண்ணெய் தேச்சிட்டுப் போங்க, தண்ணி சில்லுன்னு இருக்கு" என்றார். சட்டையைக் கழற்றி மடித்து அண்ணாச்சியின் மடியில் வைத்தேன். அதன் மேல் போனை வைத்தேன். அவர் நல்ல கையால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் அருவிக்குப் போனேன்.